இலை எடை ஒரு சர்வரில், பணம் இன்னொரு சர்வரில்: நடுவில் கணக்கு தவறினால் எங்கே பார்ப்பது

கோத்தகிரிக்கு மேலே ஒரு தேயிலைத் தொழிற்சாலை. குன்னூரில் அதன் அலுவலகம். இரண்டுக்கும் இடையே மலைப்பாதையில் சுமார் 20 கிலோமீட்டர். தொழிற்சாலை சர்வரில் எடைப் பதிவு ஓடுகிறது. இலை வண்டி வந்து மூட்டை இறங்கியதும் விவசாயியின் உறுப்பினர் எண், எடை, மழை நாளென்றால் ஈரத்துக்கான கழிவு, எல்லாம் ஒரு சீட்டாகப் பதிவாகும். அலுவலக சர்வரில் பட்டுவாடா ஓடுகிறது. சீட்டுகளைக் கூட்டி, மாத விலையைப் போட்டு, முன்பணத்தைக் கழித்து, வங்கிக்குப் போகும் பட்டியலை அதுதான் தயாரிக்கிறது. இந்த இரண்டு பயன்பாடுகளுக்கும் நடுவில் தரவு போய்வரும் பாதையைத்தான் நான் பார்த்துக்கொள்கிறேன்.

ஒரு சீட்டு தொலைந்தால், அது யாரோ ஒருவர் அட்டைக்கடியோடு காலை முழுக்கப் பறித்த 18 கிலோ இலை. அதனால்தான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன். உங்களிடம் தேயிலைக்குப் பதிலாக மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போகும் கேரட் கணக்கோ, ஊட்டியில் விடுதி முன்பதிவோ இருக்கலாம். அறிகுறிகள் பெரிதாக மாறாது.

இரண்டு சர்வர்கள் தரவு பரிமாறிக்கொள்ளப் பொதுவாக நாலு வழி. ஃபைல் எழுதி அனுப்பலாம். இரண்டு பயன்பாடுகளும் ஒரே டேட்டாபேஸைத் தொடலாம். ஒன்று மற்றொன்றை ஏபிஐ மூலம், அதாவது ஒரு நிரல் இன்னொரு நிரலிடம் கேட்கும் வாசல் வழியாக, நேரடியாக அழைக்கலாம். நடுவில் ஒரு மெசேஜ் க்யூ வைத்து, ஒருவர் போட மற்றவர் எடுக்கலாம். ஒவ்வொரு வழியும் தனக்கே உரிய விதத்தில் கெடும். அறிகுறியைச் சரியாகப் படித்தால், ஏதோ ஓர் அமைப்பை மாற்றினால் போதுமா, வழியையே மாற்ற வேண்டுமா என்பது தெரிந்துவிடும்.

எதையும் தொடுவதற்கு முன்

சர்வரை ரீஸ்டார்ட் செய்யாதீர்கள். செய்தால் பாதித் தடயம் போய்விடும். முதலில் இரண்டு பக்கமும் ஒரே நாளுக்கு மூன்று எண்களை எடுங்கள்: சீட்டுகளின் எண்ணிக்கை, மொத்த எடை, கடைசிச் சீட்டின் எண்.

எண்ணிக்கையும் எடையும் அலுவலகத்தில் குறைவு என்றால் தொலைந்திருக்கிறது. அங்கே அதிகம் என்றால் இரட்டித்திருக்கிறது. எண்ணிக்கை சரி, எடை மட்டும் தவறு என்றால் வந்தது பழைய பதிப்பு, அல்லது மாற்றத்தில் எண் சிதைந்திருக்கிறது. இரண்டும் சரி, கடைசி எண் மட்டும் வேறு என்றால் நாள் எல்லையைப் பாருங்கள்.

தேயிலையில் இன்னொரு சாட்சியும் உண்டு. 1 கிலோ தூளுக்கு 4 கிலோ சொச்சம் பசுந்தேயிலை வேண்டும். ஒரு வாரத்துத் தூளை அலுவலகக் கணக்கில் உள்ள இலையால் வகுத்துப் பாருங்கள். அவுட்டர்ன், அதாவது இலைக்குக் கிடைக்கும் தூளின் விகிதம், திடீரென்று 28, 30 சதவீதம் காட்டினால், தூள் தயாரிப்பைக் கவனிக்கும் டீமேக்கர் அதிசயம் எதுவும் செய்யவில்லை; இலைச் சீட்டுகள் வந்து சேரவில்லை என்று பொருள். எந்த லாக் ஃபைலும் சொல்லாததை இந்த ஒரு விகிதம் எனக்குச் சொல்லியிருக்கிறது.

“எடை போடும்போது திரை அப்படியே நின்றுவிடுகிறது”

எல்லாவற்றிலும் இதுதான் முக்கியம் என்று நினைக்கிறேன். பல நேரங்களில் வழியே தவறாகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருப்பதைக் காட்டும் அறிகுறி இது.

கோத்தகிரிப் பக்கம் வடகிழக்குப் பருவமழைதான் கடுமையாகப் பெய்யும். ஓர் அக்டோபர் மாலை, மரம் விழுந்து ஃபைபர் அறுந்தது. அப்போது எங்கள் எடைப் பயன்பாடு ஒவ்வொரு சீட்டுக்கும் குன்னூர் சர்வரை ஏபிஐயில் அழைத்து, பதில் வந்த பிறகுதான் அடுத்த மூட்டைக்குப் போகும். லைன் இல்லை, பதில் இல்லை. ஒரு சீட்டுக்கு இரண்டு நிமிடத்துக்கு மேல் திரை உறைந்தது. வெளியே இலை வண்டிகள் வரிசையாக நின்றன. பறித்த இலைக்கு உயிர் இருக்கிறது. மூட்டைக்குள் அழுத்திக் கிடந்தால் சுவாசித்துச் சுவாசித்துச் சூடேறிச் சிவந்துபோகும். டீமேக்கர் என்னிடம் வந்து, “தம்பி, கரண்ட் போனா ஜெனரேட்டர் போடுறேன். இதுக்கு எதைப் போடுறது?” என்று கேட்டார். அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை.

அந்த இரண்டு நிமிடம் எங்கிருந்து வந்தது? பெரும்பாலான லினக்ஸ் சர்வர்களில், எதிர்ப்பக்கத்திலிருந்து சத்தமே வராவிட்டால் டிசிபி (சர்வர்கள் பேசிக்கொள்ளும் அடிப்படை நெறிமுறை) இணைப்பு முயற்சி பலமுறை திரும்பத் திரும்ப நடந்து சுமார் 127 வினாடி கழித்துத்தான் கைவிடும். இணைப்பு கிடைத்த பின் பதில் வராமல் போனால் நிலைமை இன்னும் மோசம். பைத்தானின் ரிக்வெஸ்ட்ஸ் லைப்ரரியில் நாமாகக் காலக்கெடு வைக்காவிட்டால் முடிவே இல்லாமல் காத்திருக்கும்.

சோதிப்பது எளிது. வேலை இல்லாத நேரத்தில் வெளி லைன் கேபிளைக் கழற்றிவிட்டு ஒரு சீட்டுப் போடுங்கள். சீட்டு அச்சாக வேண்டும். ஆகவில்லையென்றால் உங்கள் எடை மேடை குன்னூரை நம்பி நிற்கிறது.

காலக்கெடுவை 3 வினாடியாகக் குறைப்பது முதலுதவி. மருந்து வேறு. எடைப் பயன்பாடு தன் சொந்த டேட்டாபேஸில் எழுதிவிட்டு அத்தோடு முடித்துக்கொள்ள வேண்டும். சீட்டு டேபிளில் ஒரு வரி எழுதும் அதே டிரான்ஸாக்‌ஷனில், ‘அனுப்ப வேண்டியவை’ என்ற இன்னொரு டேபிளிலும் ஒரு வரி. கமிட் ஆனால், அதாவது நிலையாகப் பதிந்தால், இரண்டும் ஆகும், இல்லாவிட்டால் இரண்டும் இல்லை. தனியாக ஓடும் ஒரு சிறிய அனுப்பும் நிரல் அந்த டேபிளைப் பார்த்து, லைன் இருக்கும்போது அனுப்பி, மறுபக்கம் ‘பெற்றுக்கொண்டேன்’ என்றதும் குறி வைக்கும். இந்த முறைக்கு அவுட்பாக்ஸ் என்று பெயர். லைன் இரண்டு நாள் இல்லாவிட்டாலும் இலை இறங்கிக்கொண்டே இருக்கும்.

அனுப்பும் நிரல் மறுமுயற்சி செய்யும் இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போகச் செய்யுங்கள்: 5 வினாடி, 10, 20, 40, அதிகபட்சம் 5 நிமிடம். ஒவ்வொன்றிலும் கொஞ்சம் தற்செயலான ஏற்ற இறக்கம் வையுங்கள். பல கொள்முதல் நிலையங்கள் இருந்தால், லைன் திரும்பிய நொடியில் எல்லாம் ஒன்றாக அலுவலக சர்வர் மேல் விழாமல் இருக்கும்.

“ஒரே இலை இரண்டு முறை ஏறியிருக்கிறது”

மறுமுயற்சி இருக்கும் எந்த வழியிலும் இது வரும். ஏபிஐயிலும் வரும், க்யூவிலும் வரும், ஒரே ஃபைலை இரண்டு முறை ஏற்றினாலும் வரும். நடப்பது இதுதான்: சீட்டு போய்ச் சேர்ந்தது, அலுவலகம் பதிந்தும்விட்டது, ‘சரி’ என்ற பதில் திரும்பி வரும் வழியில் லைன் அறுந்தது. அனுப்பியவருக்கு எப்படித் தெரியும்? மறுபடி அனுப்புகிறார். அவர் செய்தது சரி. பெறுபவர்தான் இதை எதிர்பார்த்திருக்க வேண்டும்.

உறுதிப்படுத்த, இரட்டித்த இரண்டு வரிகளும் பதிவான நேரத்தைப் பாருங்கள். இடைவெளி உங்கள் காலக்கெடுவோடோ மறுமுயற்சி இடைவெளியோடோ ஒத்துப்போனால் காரணம் இதுவே. ஒரு நாள் முழுக்க இரட்டித்திருந்தால் யாரோ ஃபைலை மறுபடி ஏற்றியிருக்கிறார்கள்.

இங்கே பலர் செய்யும் ஒரு தவறை அழுத்திச் சொல்ல வேண்டும். ‘அதே உறுப்பினர், அதே நாள், அதே எடை வந்தால் இரட்டிப்பு, நீக்கிவிடு’ என்று எழுதிவிடுகிறார்கள். ஒரே தோட்டத்திலிருந்து ஒரே அளவு மூட்டையில் வரும் இரண்டு மூட்டைகள் 22.5 கிலோ, 22.5 கிலோ என்று உண்மையிலேயே வரும். அந்த விதி ஒரு மூட்டைக்கான பணத்தைச் சத்தமில்லாமல் எடுத்துவிடும். அவர் வந்து சீட்டைக் காட்டிச் சண்டை போட்டால்தான் நமக்குத் தெரியும். எல்லோரும் சண்டை போடுவதில்லை.

அடையாளம் சீட்டு பிறக்கும் இடத்திலேயே பிறக்க வேண்டும். நிலையக் குறியீடு, சீட்டுப் புத்தக வரிசை, சீட்டு எண் சேர்ந்த ஒரு திறவு (கீ) போதும். யுயுஐடி என்ற, மறுபடி வராத நீண்ட அடையாளத்தை வைத்தாலும் நல்லது. எத்தனை முறை அனுப்பினாலும் அதே திறவு போக வேண்டும். ஒவ்வொரு முயற்சிக்கும் புதிதாக உருவாக்கினால் பயனே இல்லை. அலுவலக டேபிளில் அந்தத் திறவுக்கு யுனிக் கட்டுப்பாடு, அதாவது ஒரே திறவு இரண்டு முறை ஏறாத விதி, வையுங்கள். ‘முதலில் தேடு, இல்லையென்றால் சேர்’ என்று நிரலில் எழுதினால் இரண்டு கோரிக்கைகள் ஒரே நொடியில் வரும்போது இரண்டுமே உள்ளே நுழைந்துவிடும்; கட்டுப்பாடு டேட்டாபேஸில்தான் இருக்க வேண்டும்.

ஏற்கெனவே உள்ள சீட்டு மறுபடி வந்தால் வெற்றி என்றே பதில் சொல்லுங்கள். பிழை என்று சொன்னால் அனுப்பும் நிரல் அதையே காலம் முழுக்க அனுப்பிக்கொண்டிருக்கும். அதே திறவில் வேறு எடை வந்தால் மட்டும் ‘முரண்’ என்று பொருள்படும் 409 பிழைக் குறியீட்டைக் கொடுத்து ஆளைக் கூப்பிடுங்கள்.

“சில சீட்டுகள் மட்டும் வரவே இல்லை”

கண்டுபிடிக்கக் கடினமானது இதுதான். நாள் முழுக்க வராவிட்டால் யாரும் கவனிப்பார்கள். 600 சீட்டில் 2 காணாமல் போனால் மாதக் கடைசி வரை தெரியாது.

முதல் சந்தேகம்: ‘கடந்த முறைக்குப் பிறகு மாறியவை’ என்று நேரத்தை வைத்து எடுக்கிறீர்களா? அங்கே ஒரு பொறி இருக்கிறது. ஒரு டிரான்ஸாக்‌ஷன் 6:00:01 என்று நேரம் குறித்துக்கொண்டு தொடங்கி 6:00:04க்குக் கமிட் ஆகிறது. உங்கள் நிரல் 6:00:03க்கு வந்து, கண்ணில் பட்டதை எடுத்துக்கொண்டு, ‘6:00:03 வரை முடித்தேன்’ என்று எழுதிவிட்டுப் போகிறது. அந்தச் சீட்டை இனி யாரும் எடுக்கப் போவதில்லை. நேரத்துக்குப் பதிலாகத் தானாக ஏறும் எண்ணை வைத்தாலும் இதே கதைதான், ஏனென்றால் 501 என்ற எண்ணை வாங்கியவர் 502ஐ வாங்கியவருக்குப் பிறகு கமிட் செய்யலாம். அவுட்பாக்ஸ் வைத்திருந்தாலும் ‘கடைசியாக அனுப்பிய எண்’ என்று நினைவில் வைக்காதீர்கள். ‘இன்னும் அனுப்பவில்லை’ என்ற குறி உள்ளவற்றையே எடுங்கள். பழைய பயன்பாட்டை மாற்ற வழியே இல்லையென்றால், ஒவ்வொரு முறையும் கடைசிப் பத்து நிமிடத்தை மறுபடி சேர்த்து எடுங்கள். பெறும் பக்கம் திறவு இருப்பதால் இரட்டிக்காது.

இரண்டாவது சந்தேகம்: டேட்டாபேஸில் எழுதிவிட்டு, அடுத்த வரியில் க்யூவுக்கு அனுப்புகிறீர்களா? அந்த இரண்டு வரிகளுக்கு நடுவில் கரண்ட் போனால் சீட்டு இருக்கும், செய்தி இருக்காது. மலையில் கரண்ட் எப்போது போகும் என்று யாரும் சொல்ல முடியாது. க்யூ வைத்திருந்தாலும் அதற்கு முன்னால் அவுட்பாக்ஸ் வேண்டும்.

மூன்றாவது, க்யூவின் அமைப்பு. ரேபிட்எம்க்யூ என்ற க்யூ மென்பொருள் என்றால் நான்கு இடங்களைப் பாருங்கள். க்யூ நிலைத்ததாக அறிவிக்கப்பட்டிருக்க வேண்டும். செய்தியும் தனியாக நிலைத்தது என்று குறிக்கப்பட்டிருக்க வேண்டும். ஒன்று இருந்து மற்றொன்று இல்லாவிட்டால் புரோக்கர், அதாவது க்யூவை நடத்தும் சர்வர், ரீஸ்டார்ட் ஆகும்போது செய்திகள் போய்விடும். அனுப்புபவர் புரோக்கரின் உறுதிச் சொல்லுக்குக் காத்திருக்க வேண்டும். பெறுபவர் தானியங்கி ஒப்புகையை அணைத்துவிட்டு, டேட்டாபேஸில் கமிட் ஆன பிறகே ஒப்புகை தர வேண்டும். கையில் வாங்கியதுமே ஒப்புகை கொடுத்துவிட்டுப் பிறகு விழுந்தால், அந்தச் சீட்டு எங்குமே இல்லை.

“ஃபைலின் கடைசி வரி அறுந்திருக்கிறது”

எழுதிக்கொண்டிருக்கும்போதே மறுபக்கம் படித்துவிட்டது. ‘ஐந்து நிமிடம் கழித்துப் படி’ என்று வைப்பது தீர்வாகாது, லைன் மெதுவான நாளில் ஏழு நிமிடம் ஆகும். தற்காலிகப் பெயரில் அனுப்பி, முழுதும் போன பிறகு பெயரை மாற்றுங்கள். பெறுபவர் மாற்றிய பெயரை மட்டும் தேட வேண்டும். ஒரே ஃபைல் சிஸ்டத்துக்குள் பெயர் மாற்றம் ஒரே நொடியில் நடக்கும், பாதி நிலை கிடையாது. வேறு டிஸ்க்கில் உள்ள ஃபோல்டருக்கு நகர்த்தினால் அது உள்ளுக்குள் நகல் எடுப்பதாக மாறிவிடும், பழைய பிரச்சினை திரும்ப வரும்.

கடைசி வரியாக எண்ணிக்கையும் மொத்த எடையும் போடுங்கள். அந்த வரி இல்லாத ஃபைலையோ, கூட்டல் ஒத்துப்போகாத ஃபைலையோ ஒரு வரிகூட ஏற்றாமல் ஒதுக்குங்கள். ஏற்றிய ஃபைலை அழிக்காமல் வேறு ஃபோல்டருக்கு நகர்த்துங்கள். ஒரு விவசாயி மூன்று மாதம் கழித்து வந்து கேட்கும்போது அதுதான் கை கொடுக்கும்.

“மாதக் கடைசியில் இரண்டு பக்கமுமே மெதுவாகிவிடுகிறது”

ஒரே டேட்டாபேஸை இரண்டு பயன்பாடுகளும் தொடுகின்றனவா? அப்படியென்றால் பட்டுவாடா அறிக்கை ஓடும்போது எடை மேடை மூச்சுத் திணறும். டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ் என்றால், இணைப்புகளின் நிலையைக் காட்டும் பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டியைத் திறந்து, டிரான்ஸாக்‌ஷனைத் திறந்துவிட்டுச் சும்மா இருக்கும் இணைப்புகள் உண்டா என்று பாருங்கள். யாரோ அறிக்கைத் திரையைத் திறந்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போயிருப்பார். வெறும் படிப்பு எழுதுவதைத் தடுக்காதுதான். ஆனால் அந்த நேரத்தில் டேபிளில் ஒரு நெடுவரிசை சேர்க்க முயன்றால், அந்தக் கட்டளை படிப்பவருக்காகக் காத்திருக்கும், அதற்குப் பின்னால் வரும் எல்லோரும் அதற்காகக் காத்திருப்பார்கள். சும்மா இருக்கும் டிரான்ஸாக்‌ஷன்களைத் தானாக வெட்டும் காலக்கெடு ஒன்று போஸ்ட்கிரெஸில் உண்டு, அதைப் போடுங்கள். இணைப்பு எண்ணிக்கையையும் பாருங்கள்: நாம் மாற்றாவிட்டால் போஸ்ட்கிரெஸ் 100, மைஎஸ்க்யூஎல் 151.

தொலைவும் கணக்கில் வரும். ஒரே கட்டடத்துக்குள் ஒரு கேள்விக்குப் பதில் 1 மில்லிவினாடிக்குள் வந்துவிடும். மலைப்பாதை தாண்டி 40 மில்லிவினாடி ஆகிறது என்று வையுங்கள். ஒரு திரையைத் திறக்க 400 சிறிய கேள்விகள் கேட்கும் பழைய பயன்பாடு 16 வினாடி எடுக்கும். பேண்ட்வித் எவ்வளவு வாங்கினாலும் இது குறையாது.

என் கருத்தைச் சொல்கிறேன்: இரண்டு பயன்பாடுகள் ஒரே டேபிளில் எழுதுவதை நான் ஒருபோதும் ஒப்புக்கொள்வதில்லை. யாரோ ஒரு நெடுவரிசையின் பெயரை மாற்றினால் மற்றவரின் பயன்பாடு அன்று மாலையே விழும், யார் மாற்றினார் என்று தேடவே இரண்டு நாள் போகும். படிக்க மட்டும் வேண்டுமென்றால் ஒரு ரெப்ளிகா (தானாகப் புதுப்பிக்கப்படும் நகல்) வைத்து, அதில் வியூ (தேவையானதை மட்டும் காட்டும் பார்வை) வழியாக மட்டும் படிக்க அனுமதி கொடுங்கள். போஸ்ட்கிரெஸும் மைஎஸ்க்யூஎல்லும் கேட்கும் 5432, 3306 போர்ட்டுகளை இணையத்துக்குத் திறக்கவே திறக்காதீர்கள்.

“சின்னது போகிறது, பெரியது தொங்கிவிடுகிறது”

லாகின் ஆகிறது, ஒரு சீட்டு போகிறது, நூறு சீட்டுச் சேர்த்து அனுப்பினால் அசையாமல் நிற்கிறது. பயன்பாட்டில் தேடாதீர்கள், லைனில் தேடுங்கள். ஈதர்நெட்டில் ஒரு பாக்கெட் வழக்கமாக அதிகபட்சம் 1500 பைட். பிபிபிஓஇ வழியாக, அதாவது பயனர்பெயர் போட்டு இணையும் பிராட்பேண்டில், 1492. விபிஎன் (இணையத்துக்குள் பாதுகாப்பான தனிவழி) போட்டால் இன்னும் குறையும். நடுவில் யாரோ ஐசிஎம்பி எனும் அறிவிப்புச் செய்திகளைத் தடுத்திருந்தால், ‘பாக்கெட் பெரியது’ என்ற செய்தி திரும்பி வராது. பெரியவை மட்டும் மாயமாகும்.

துண்டாக்கத் தடைபோட்டு 1472 அளவில் பிங் அனுப்புங்கள். போகவில்லையென்றால் 1464, அதுவும் இல்லையென்றால் பத்துப் பத்தாகக் குறையுங்கள். போகும் அளவோடு 28 கூட்டினால் உண்மையான எம்டியு, அதாவது லைன் தாங்கும் மிகப்பெரிய பாக்கெட் அளவு, கிடைக்கும். அதை விபிஎன்னில் வையுங்கள், அல்லது பாக்கெட் அளவைக் கட்டுப்படுத்தும் எம்எஸ்எஸ் கிளாம்பை ரவுட்டரில் போடுங்கள்.

“காலையில் முதல் முறை மட்டும் தோற்கிறது”

இரவெல்லாம் பேசாமல் இருந்த இணைப்பை நடுவில் உள்ள ரவுட்டர் மறந்துவிட்டது. இரண்டு சர்வர்களும் அது உயிரோடு இருப்பதாக நினைக்கின்றன. லினக்ஸில் டிசிபி கீப்அலைவ், அதாவது இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று தட்டிப் பார்க்கும் வசதி, முதல் சோதனையை அனுப்ப, மாற்றாவிட்டால் 7200 வினாடி காத்திருக்கும். அதை 60 ஆக்குங்கள், அல்லது இணைப்புத் தொகுப்பில் சும்மா இருக்கும் இணைப்பைச் சில நிமிடங்களில் மூடச் சொல்லுங்கள்.

“விடியற்காலைப் பதிவெல்லாம் முந்தைய நாளில் விழுகிறது”

மாலையில் வந்த இலை பல மணி நேரம் வாடி, நள்ளிரவு தாண்டித்தான் எந்திரத்துக்குப் போகும். அதனால் டிரையர் வாயில் எடுக்கும் தூள் எடை பலவும் இரவு 12 மணிக்கும் காலை 5:30க்கும் நடுவில் பதிவாகும். சரியாக அந்த நேரத்துப் பதிவுகள் மட்டும் ஒரு நாள் பின்னால் போனால், எங்கோ ஒருவர் உலகப் பொது நேரமான யுடிசியிலிருந்து தேதியை வெட்டி எடுக்கிறார். நம் நேரம் யுடிசியைவிட ஐந்தரை மணி முன்னால். நம் நள்ளிரவு அங்கே முந்தைய நாள் மாலை 6:30.

நேரத்தை அனுப்பும்போது +05:30 என்ற பின்னொட்டோடு அனுப்புங்கள். கணக்கு நாள் என்பதைத் தனிப் புலமாகவே அனுப்புங்கள். தொழிற்சாலைக்கு நாள் நள்ளிரவில் முடிவதில்லை, ஷிஃப்ட் மாறும்போதுதான் முடிகிறது. அதைக் குன்னூர் சர்வர் நேரத்தைப் பார்த்து ஊகிக்கக் கூடாது.

“பேர் கேள்விக்குறியாக வருகிறது, எண்ணில் பூஜ்ஜியம் போய்விட்டது”

பெயர் இருக்க வேண்டிய இடத்தில் விசித்திரமான லத்தீன் எழுத்துகள் வந்தால் பயப்பட வேண்டாம். பைட்டுகள் பத்திரமாக இருக்கின்றன, யுடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டை வேறு குறியீடாகப் படிக்கிறார்கள், படிக்கும் பக்கத்தைத் திருத்தினால் போதும். ஆனால் கேள்விக்குறிகளாகவே சேமித்திருந்தால் பெயர் அழிந்துவிட்டது, மூலத்திலிருந்து மறுபடி எடுக்க வேண்டும். முதல் நெடுவரிசையின் பெயர் மட்டும் பொருந்தவில்லை என்று பிழை வந்தால், ஃபைலின் தொடக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத மூன்று பைட் குறி இருக்கிறது. எக்செல் யுடிஎஃப்-8 என்று சேமிக்கும்போது அதைப் போடும்.

பூஜ்ஜியம் போனதற்கும் அநேகமாக எக்செல்தான் காரணம். யாரோ சிஎஸ்வி ஃபைலைத் திறந்து பார்த்துவிட்டுச் சேமித்திருக்கிறார்கள். 00417 என்ற உறுப்பினர் எண் 417 ஆகிவிட்டது. வங்கிக் கணக்கு எண் இதைவிட ஆபத்து: எக்செல் 15 இலக்கம் வரைதான் துல்லியமாக வைத்திருக்கும், அதற்குப் பிந்தியவை பூஜ்ஜியமாகிவிடும். பணம் போகும் பட்டியலை யாரும் இடையில் எக்செல்லில் திறந்து சேமிக்காதபடி ஃபோல்டர் அனுமதியையே மாற்றுங்கள். சொல்லிப் புரியவைப்பது மட்டும் போதாது.

எடையில் சில கிராம் உதைத்தால் தசமத்தைப் பாருங்கள். 18.6 என்பதை ஃப்ளோட்டாக (தோராயமாகச் சேமிக்கப்படும் தசம எண்ணாக) வைத்துக் கூட்டிக்கொண்டே போனால் கடைசி இலக்கம் நகரும். கிராமாக, 18600 என்ற முழு எண்ணாக அனுப்புங்கள்.

“கரண்ட் வந்த பிறகு சான்றிதழ் பிழை என்கிறது”

சான்றிதழ் காலாவதி ஆகியிருக்கலாம். லெட்ஸ் என்கிரிப்ட் தரும் இலவசச் சான்றிதழ் என்றால் குறுகிய காலம்தான் செல்லும், புதுப்பிக்கும் வேலை ஓடுகிறதா பாருங்கள். ஆனால் பிழை ‘இன்னும் செல்லுபடியாகவில்லை’ என்று சொன்னால் சர்வரின் கடிகாரத்தைப் பாருங்கள். மதர்போர்டில் உள்ள சிஆர்2032 பேட்டரி தீர்ந்த சர்வர், நீண்ட மின்தடைக்குப் பிறகு பழைய தேதியோடு எழுந்திருக்கும். பேட்டரியை மாற்றுங்கள். கடிகாரத்தை இணையம் வழியாகச் சரிசெய்யும் என்டிபியிலோ, லைன் இல்லாவிட்டால் கையாலோ நேரம் சரியான பிறகே எடைப் பதிவும் அனுப்பும் நிரலும் தொடங்கும்படி வையுங்கள். இல்லாவிட்டால் பழைய தேதியில் சீட்டுகள் பிறந்துவிடும்.

“க்யூ நீண்டுகொண்டே போகிறது”

பெறும் நிரல் ஓடுகிறதா? ஓடியும் நீள்கிறது என்றால், அநேகமாகத் தலையில் ஒரு கெட்ட செய்தி நிற்கிறது. அதை எடுத்து, பிழையில் விழுந்து, திருப்பிப் போட, அது பழைய இடத்துக்கே வந்து, மறுபடி எடுத்து... ஐந்து முறை தோற்றால் தனி க்யூவுக்கு ஒதுக்கிவிட்டு அடுத்ததுக்குப் போகச் சொல்லுங்கள். ஒதுக்கியதை யார் தினமும் பார்ப்பது என்றும் முடிவு செய்யுங்கள். பார்க்க ஆளில்லாத ஒதுக்கு க்யூவும் குப்பைத் தொட்டியும் ஒன்றுதான்.

வேகமாக்க இரண்டு பெறுநர்களை வைத்தீர்களானால் வரிசை கலையும். ஈரக் கழிவுத் திருத்தம் முதலிலும், மூலச் சீட்டு அதற்குப் பிறகும் பதிவாகி, கழிவே இல்லாத எடை நின்றுவிடும். ஒவ்வொரு சீட்டுக்கும் பதிப்பு எண் வைத்து, கையில் இருப்பதைவிடப் பழைய பதிப்பு வந்தால் ஒதுக்குங்கள்.

வழியை மாற்றத்தான் வேண்டும் என்றால்

நான் முதலில் கேட்பது ஒரே கேள்வி: மறுபக்கம் இல்லாதபோது இந்தப் பக்கம் வேலை நடந்தாக வேண்டுமா? ஆம் என்றால் நேரடி அழைப்பு வேலையின் பாதையிலேயே இருக்கக் கூடாது. எடை மேடைக்கு உறுப்பினர் பட்டியல் தேவை. அதற்காகக் குன்னூரைக் கேட்க வேண்டாம், தினமும் ஒரு நகல் மேலே வரட்டும். குன்னூர் ஏலத்துக்கு முன் எந்த ரகத்தில் எத்தனை மூட்டை கையிருப்பு என்று அலுவலகம் கேட்கிறதா? அதற்கு ஏபிஐ சரி. பதில் வராவிட்டால் ஐந்து நிமிடம் கழித்துக் கேட்பார்கள், எதுவும் கெட்டுப்போகாது. அலுவலகத்தில் இருப்பது டேலி கணக்கு மென்பொருள் என்றால், அது எக்ஸ்எம்எல் தரவை எச்டிடிபி வழியாக, வழக்கமாக 9000 போர்ட்டில் வாங்கிக்கொள்ளும். ஆனால் நிரல் திறந்திருக்க வேண்டும், நிறுவனக் கணக்கும் திறந்திருக்க வேண்டும். மாலை ஆறு மணிக்கு அலுவலகம் பூட்டினால் அது கேட்காது. அங்கேயும் அவுட்பாக்ஸ்தான் தாங்கும்.

நாளுக்குச் சில நூறு, சீசனில் ஆயிரத்தைத் தாண்டும் சீட்டுகளுக்கு, இரண்டே சர்வருக்கு நடுவில் காஃப்கா போன்ற பெரிய மெசேஜ் அமைப்பு தேவையில்லை, ரேபிட்எம்க்யூகூடக் கட்டாயமில்லை. அதை நள்ளிரவில் தூக்கி நிறுத்தத் தெரிந்த ஆள் மலையில் இருக்கிறாரா என்று யோசியுங்கள். அவுட்பாக்ஸ் டேபிள், சிறிய அனுப்பும் நிரல், திறவு பார்க்கும் ஏபிஐ ஒன்று, இவ்வளவே போதும். மூன்றாவதாக ஒரு பயன்பாடு அதே சீட்டுகளைக் கேட்கும் நாளில் க்யூவைப் பற்றி யோசிக்கலாம்.

இதோடு, தினமும் காலை 7 மணிக்கு முந்தைய நாளின் எண்ணிக்கை, மொத்த எடை, ஒவ்வொரு நிலையத்தின் கடைசிச் சீட்டு எண் மூன்றும் அடங்கிய ஒரு சிறு ஃபைல் வேறு பாதையில், பாதுகாப்பாக ஃபைல் அனுப்பும் எஸ்எஃப்டிபியில், போகட்டும். சீட்டுகளை அனுப்பும் நிரலே இந்த ஃபைலையும் தயாரிக்கக் கூடாது. ஒரே பிழை இரண்டிலும் இருந்தால் கணக்கு ஒத்துப்போய்விடும். வேறுபாடு வந்தால் அலுவலக சர்வர் எந்தச் சீட்டு எண்கள் இல்லை என்று பட்டியலிட்டு, அவற்றை மட்டும் மறுபடி கேட்க வேண்டும்.

பழைய பாதையை உடனே அணைக்காதீர்கள். ஒரு முழு மாதம், பட்டுவாடா முடிந்து விவசாயிகள் கையில் பணம் சேரும் வரை இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் ஓடட்டும். புதிய பாதையின் சீட்டுகள் தனி டேபிளில் விழட்டும், தினமும் ஒப்பிடுங்கள். அந்த மாதத்தில் ஒரு முறையாவது லைன் அறுந்து, ஒரு முறையாவது கரண்ட் போயிருக்க வேண்டும். போகவில்லையென்றால் டீமேக்கரிடம் நேரம் கேட்டுக்கொண்டு நீங்களே கழற்றிவிடுங்கள்.